கூலி சொல்லாத வேலை

குரங்கணி ஜீப்பில் அன்று இருந்தவர்கள்: டிரைவர், ஏலத்தோட்டக்காரர் ஒருவர், அவருடைய மச்சினன், நான்கு பெண்கள், எங்கே கவிழுமோ என்று கம்பியை விடாத நான்.

“காய் பழுத்து வெடிக்குது மாப்ளே. ஆள் தேவைன்னு நெட்டுல போட்டேன். அதைத் தேடிப் பார்த்த ஒரே ஆளு நாந்தேன்,” என்று சிரித்தார் தோட்டக்காரர்.

“என்னன்னு போட்டீக மாமா?”

“மேலக்காடுன்னு நம்ம தோட்டத்துப் பேரை. ஜீப்பு ஸ்டாண்டுல யாருக்குத் தெரியாது?”

“நெட்டுக்குத் தெரியாதே! ஊரு போடி, குரங்கணி, காய் பறிக்கிற சோலின்னு போடுங்க. கூலியும் போட்டாத்தேன் தேடும்போது மேல வரும்.”

“போட்டா பக்கத்துத் தோட்டக்காரன் கூடக் குடுத்து ஆளத் தூக்கிருவான்ல!”

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அண்ணே, நாங்க சோலி தேடித்தேன் போறோம். கூலி எம்புட்டு?”

அவர் யார் காதில் விழுமோ என்று சுற்றிலும் பார்த்தார். “இறங்கினதும் சொல்றேன் ஆத்தா.”

“பக்கத்துத் தோட்டத்துல ஐநூறு,” என்றார் டிரைவர்.

“ஐநூத்தி அம்பது!” என்று ஜீப்பே அதிரக் கத்தினார் தோட்டக்காரர்.