ஆறேகால் முதல் ஏழு வரை

மனிதனுக்குக் காது இரண்டுதான். நுவரெலியாக் கடைக்காரர் எனக்குக் கட்டிக் கொடுத்தது ஐந்து ஸ்பீக்கரும், தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டியும். விஷயம் அங்கேதான் தொடங்கியது, இராமையாவிடம் தொடங்கவில்லை. நீங்கள் இராமையாவைப் பற்றித்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும். அவரிடம் வருகிறேன். அதற்குள் தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடியுங்கள். பயப்பட வேண்டாம், இது நம் தோட்டத்துத் தூள் இல்லை. ராகலையில் வாங்கியது. நம் தூளின் நிலைமை தெரிந்துதானே கம்பனி உங்களைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருக்கிறது.

நான் இந்தத் தோட்டத்துக்குப் பத்தொன்பது வருடமாக டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் வருவதிலிருந்து தூளாகி வெளியே போவது வரை என் பொறுப்பு. என் குவாட்டர்ஸிலிருந்து தொழிற்சாலை எண்பது அடி. வேலைக்குப் போய்வர நல்ல வசதி. வேறு விதத்தில் அவ்வளவு நல்லதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு அந்த ஹோம் தியேட்டரை வாங்கினேன். என் மனைவி நாகலெட்சுமி ஆசைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர்களைக் கூப்பிட்டு, வடை சுட்டு வைத்துக்கொண்டு படம் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் கார் ஓடும். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குப் படத்தில் நாட்டமில்லை. பாட்டுத்தான். அந்த மெஷினில் பாட்டுப் போட்டால் புல்லாங்குழல் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. பாடகியின் குரல் டிவிக்குக் கீழே மேசையடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நம்புவீர்களோ என்னவோ, எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

ஆகவே வேண்டாததைக் கழற்ற ஆரம்பித்தேன். முதலில் பின்னால் இருந்த இரண்டு. அப்புறம் நடுவில் இருந்தது. தரைப் பெட்டியை அவிழ்த்து வாசலில் வைத்தேன், நாகலெட்சுமி அதன்மேல் அந்தூரியம் தொட்டியை வைத்தாள்.

"என்னங்க, சத்தமெல்லாம் முன்னாடி மட்டுந்தான் வருது?" என்றாள்.

படமும் முன்னால்தானே ஓடுகிறது என்றேன். அவள் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சமிருந்த இரண்டும் பிளாஸ்டிக். இறம்பொடைப் பக்கம் தோட்ட நிர்வாகியாக இருந்த ஒரு துரை வேலையை விட்டுப் போகிறார், பங்களாச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மரத்தால் செய்த இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய ஆம்ப்ளிபயர். தோட்டத்து லொறியில் உர மூட்டைகளுக்கு நடுவே வைத்து, ஸ்பீக்கர்களை என் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். அன்று முதல் பாட்டைப் போட்டபோது குரல் இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆள் உயரத்தில் நின்றது. நான் அழுதேன். கல்யாணத்தன்று கூட அழாதவன்.

ஸ்டீரியோ என்பது ஒரு முக்கோணம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளந்து பார்த்ததில் அலுமாரி குறுக்கே நின்றது. அதை விறாந்தையில் போட்டேன். வலப்பக்கச் சுவரில் இருந்த சாமிப் படங்கள் அதிர்ந்தன. அவற்றைச் சமையலறைக்கு மாற்றினேன். கண்ணாடிக் கிளாஸ் அடுக்கிய ஷோகேஸ் கிணுகிணுத்தது, அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். அதனால்தான் நீங்கள் வந்ததிலிருந்து அது பத்தரையிலேயே நிற்கிறது. எதிரொலி வராமலிருக்க, முன்பு கொழுந்து பரப்பிய பழைய சாக்குத் துணிகளை நாலு சுவரிலும் தொங்கவிட்டேன்.

"இது வீடா, கொழுந்து நிறுக்கிற மடுவமா?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

நடுக்கதிரையில் தானும் உட்கார வேண்டும் என்றாள். நடு என்பது ஒன்றுதான் என்று படம் வரைந்து காட்டினேன். தை மாதம் கினிகத்தேனையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்வருகிறேன் என்று போனாள். இப்போது ஆவணி. அங்கே ஏதோ வேலை போலிருக்கிறது. எப்படியானாலும் அவள் போனதில் சமையலறைச் சத்தம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்த இரைச்சல் கேட்டது. தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டும் ஃபேன்கள். பத்தொன்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருந்ததுதான். மற்றதெல்லாம் அடங்கிய பிறகு அது மட்டும் மிஞ்சியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த நாதம் அந்த இரைச்சலுக்குள் காணாமல் போனது.

உங்கள் குறிப்பேட்டில் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னேரம் வரும் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விடியும் வரை காற்று ஊத வேண்டும். ஃபேன் நின்றால் இலை தன் சூட்டிலேயே வெந்து சிவந்துவிடும். இதை நான் அறியாமல் செய்தேன் என்று யாரும் எழுதக் கூடாது. அது என் தொழிலுக்கு அவமானம்.

இனி இராமையா. வாட்டு மாடி இருபத்தேழு வருடமாக அவர் பொறுப்பு. ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் அமுக்கி, கையை விரித்து, அது பிரிகிறதா சுருண்டு கிடக்கிறதா என்று பார்த்துப் பதம் சொல்வார். என்னிடமே இரண்டு தடவை வாதாடியிருக்கிறார். இரண்டு தடவையும் அவர் சொன்னதுதான் சரி. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மாசி மாதம் ஒரு நாள் மாடிக்கு ஏறிப் போய்ச் சொன்னேன்.

"ராமையா, மோட்டரு சூடாகுது. சாயந்தரம் ஆறேகாலுக்கு நிப்பாட்டி ஏழு மணிக்குப் போடு."

"தெனமுங்களா ஐயா?"

"தெனமுந்தான்."

"ஈரக் கொழுந்துங்க. வெந்து போயிருமே."

"அத நான் பாத்துக்குறேன்."

அவர் மோட்டாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது குளிர்ந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஐயா சொன்னா சரிங்க" என்று சுவிட்சைக் கீழே தள்ளினார். தோட்டத்தில் ஐயா சொன்னதை ஆட்கள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அந்த வழக்கம் எனக்குக் கைகொடுத்தது.

அன்று ஆறேகாலுக்கு மலை முழுக்க ஒரு அமைதி இறங்கியது. வயலினில் வில் தொடுவதற்கு முன்னால் வில் அசைவது கேட்டது. பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. அவளுக்கு வளையல் இருந்தது, அதுவும் கேட்டது. ஏழு மணி வரை நான் அசையவில்லை. இவ்வளவு நேரம் எழுதிய நீங்கள் இந்த இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள், இதுதான் முக்கியம்.

இப்படி மூன்று மாதம். கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவரிடமிருந்து அறிக்கை வந்தது. நிறம் மங்கல், வெந்த வாடை, உயிரில்லை. நம் தோட்டத்துத் துரை முதலில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பிடித்தார். முற்றிய இலை பறிக்கிறீர்கள் என்று சொல்லி, நிறுவையில் ஆளுக்கு இரண்டு கிலோ வெட்டச் சொன்னார். எனக்கு அதில் வருத்தம்தான். பெண்கள் மடுவத்தில் நின்று போட்ட சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

பிறகு ஒரு நாள் ஆறரை மணிக்குத் துரை சொல்லாமல் கொள்ளாமல் மாடிக்கு ஏறிவிட்டார். ஃபேன் எல்லாம் நின்று கிடந்தது. இராமையா ஒருவர்தான் தொட்டிகளுக்கு நடுவே நின்றிருக்கிறார், கையில் ஒரு பிடி வெந்த கொழுந்து.

மறுநாள் ஆபீசில் விசாரணை. நானும் இருந்தேன்.

"ஃபேனை யார் நிப்பாட்டுனது?" என்று துரை கேட்டார்.

"நாந்தாங்க."

"ஏன்?"

இராமையா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் மூன்று பௌர்ணமி, மூன்று போயா லீவு போல எனக்குத் தோன்றியது, பிறகு எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான்.

"மோட்டரு சூடாச்சுங்க" என்றார்.

துரை என் பக்கம் திரும்பி, மோட்டார் சூடாகிறதா என்று கேட்டார். இல்லை, மோட்டாரில் ஒரு பழுதும் கிடையாது என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. இராமையாவும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார். யார் நிறுத்தச் சொன்னது என்று எவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

அவரைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவருக்கு 'வேக்காட்டு ராமையா' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. அவர் சம்சாரம் வேலாயி ஒரு நாள் என் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா தொரை கேப்பாரு. அவரு சோறே திங்க மாட்டேங்குறாரு. கைய கைய விரிச்சுப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காருங்க."

பாட்டில் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று கேட்டுக்கொண்டேன். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். பண்பான பெண்.

துரை மாடிக்குப் பூட்டுப் போட்டார். பொறுப்பான ஒருவரிடம் சாவி இருக்கட்டும் என்று அதை என்னிடம் கொடுத்தார். ஆறு மணிக்கு மாடி ஆட்களை நான் கீழே அனுப்பிவிடுவேன். ஆகவே ஆறேகால் முதல் ஏழு வரை வழக்கம்போலவே நடந்தது. இராமையா போன பிறகும் தூள் ஏன் தேறவில்லை என்று கம்பனி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதாமே. சாவி என் பையில் இருக்கும் வரை உங்களாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நானே கடிதம் போட்டு உங்களை வரவழைத்தேன் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஏன் வரவழைத்தேன் என்று சொல்கிறேன். இராமையாவுக்கு மலையேற முழங்கால் விடாது. அதனால் துரை இரக்கப்பட்டு, என் வீட்டுக்குக் கீழே இருக்கும் தோட்டத்து உருளைக்கிழங்குப் பாத்திக்குக் காவல் போட்டார். காட்டுப்பன்றி வந்தால் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். சரியாக வலது ஸ்பீக்கர் பக்கம்.

முதல் நாள் பாட்டுத் தொடங்கியதும் தகரமும் தொடங்கியது. ஏழு மணிக்கு நின்றது. இரண்டாம் நாளும் அப்படியே. நான் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"பன்னி வருதுங்க ஐயா."

"எத்தன மணிக்கு?"

"ஆறேகாலுக்கு வருதுங்க. ஏழு மணிக்குப் போயிருது."

"தெனமுமா?"

"தெனமுந்தாங்க."

பாத்தியை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குளம்புத் தடம் இல்லை, ஒரு கிழங்கு கூடக் கிளறப்படவில்லை. தகரத்தை வேறு நேரத்தில் தட்டக் கூடாதா என்றேன்.

"ஐயா சொன்னா சரிங்க. பன்னி கேக்கணுமே" என்றார்.

பாட்டை ஏழரைக்கு மாற்றிப் பார்த்தேன். ஃபேனை ஏழரைக்கு நிறுத்தினேன். பன்றியும் ஏழரைக்கு வந்தது. மாடி ஆட்களை முன்னதாகவே அனுப்பிவிட்டு ஐந்தே முக்காலுக்கு மாற்றினேன், ஐந்தே முக்காலுக்குத் தகரம். ஃபேன் சத்தம் அடங்கினால் பன்றிகளுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது போலும். இதில் இராமையாவை நான் குறை சொல்லவில்லை. வயதாகிவிட்டது, நடந்த விஷயத்தில் மனம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இல்லாத பன்றி கண்ணுக்குத் தெரிகிறது. பாவம்.

அவரை அந்த நிலையில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதன்படி கம்பனிக்கு எழுதினேன். இப்போது வாயாலும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னவன் நான். மூன்று மாதக் கொழுந்தை இராமையாவின் கையால் வேகவைத்தவன் நான். அவர் போன பிறகு என் கையாலேயே வேகவைத்தேன். பெண்களின் நிறுவையை வெட்டியபோதும், இராமையாவை விசாரித்தபோதும் தெரிந்தே சும்மா இருந்தேன். இராமையாமேல் ஒரு குற்றமும் இல்லை. அவரைப் பழையபடி மாடிக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் இருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

எனக்கு என்ன தண்டனை என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன். இந்தக் குவாட்டர்ஸை மட்டும் மாற்றாதீர்கள். சாக்குத் துணியெல்லாம் அளவாகத் தொங்குகிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? சரி. உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன? ஆறு பத்தா? அப்படியானால் மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், எனக்குத் தொழிற்சாலை வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. நீங்கள் இறங்கிப் போகும் வழியில் இராமையா நிற்பார். நல்ல செய்தியை அவரிடம் சொல்லிவிட்டு, அந்தத் தகரத்தை இன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.