சிக்கிய கார்டுக்குக் கொழும்பில் ஒரு கடை

1. கல்முனையிலிருந்து காலை கொழும்பு பஸ் புறப்பட்டது.
2. எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் அமர்ந்தார்கள். தங்கையின் மடியில் கெமராப் பை இருந்தது.
3. காரைதீவில் தங்கை சொன்னாள்: "கெமராவ ஆம்பிளயளுக்குக் காட்டலாம் ராத்தா. உள்ளுக்கு இரிக்கிறவங்களக் காட்ட ஏலாது."

அவள் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பவள். முந்தைய நாள் கல்யாணப் படங்கள் உள்ள மெமரி கார்ட், கெமராவுக்குள் சிக்கிவிட்டது.

"மாப்பிளைக்கும் காட்ட ஏலாதா?" என்று அக்கா கேட்டாள்.

"பொண்டாட்டியப் பாக்கட்டும். அவட உம்மாட தங்கச்சிமார், அந்தச் சாச்சிமார், முக்காடு இல்லாம நிக்கிறத அவர் எதுக்குப் பாக்கணும்? ஒரு ஆம்பிளயும் பாக்கமாட்டான் எண்டு சொல்லித்தானே எடுத்தன்."

அம்பாறையில் கடைகள் திறக்கும் நேரமானது. அக்கா கொழும்புக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தாள்.

"உங்கட கடையில கெமரா திருத்துற பொம்பிள இரிக்காங்களா? ஓம், பொம்பிளதான். இல்ல, பில் போடுறவங்க வேணாம்."

போனை வைத்தாள். "மூணாவது கடைக்காரனும் சிரிக்கான்."

நான்காவது கடையில் நெடுநேரம் பேச்சு நடந்தது.

"என்னவாம் ராத்தா?"

"திருத்துறவர் ஆம்பிளதான். கெமராட திரைய மூடிட்டுத்தான் திறப்பாராம். கார்ட்ட நீயே இழுத்தெடுக்கணுமாம்."

"சிரிக்கல்லயா?"

"இல்ல புள்ள. போன மாசம் அக்கரைப்பற்றில இருந்தும் ஒரு புள்ள இப்பிடி வந்திச்சாம்."

தங்கை பையைத் திறந்து, கெமராத் திரையின்மேல் அப்போதே பிளாஸ்டர் ஒட்டினாள்.

இப்போது மகாஓயா தாண்டிவிட்டோம். கடை கிடைத்துவிட்டது. சாச்சிமார் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.