கடைசியாக வந்தவன்

மாலை ஐந்தே முக்கால். ஏப்ரல் மாதம், மழை விட்ட மறுநாள். கிளாரி வீட்டுக்குப் பின்னால் ஓடைப்பக்கம் போகிற மண்பாதை. பத்து நிமிஷ நடைதான். வீட்டு விளக்கு கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பக்கம்.

கிளாரி நம் மெர்வினுடைய மைத்துனன். மெர்வினைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டான். சொந்தக்காரன் எவன் உண்மையைச் சொன்னான்?

மழை விட்டால் மாடு மேயும் நிலத்தில் காளான் முளைக்கும். வாளியோடு போவார்கள். முன்பு நாலு பேர். கிளாரி, டக், இன்னொருத்தன், நாலாவது லிண்ட்சி. அவனுக்கு இடது கால் சரியில்லை. முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்ப்பான். பத்தடிக்கு வாடை அடிக்கும். எப்போதும் பின்தங்கித்தான் வருவான். கடைசியாக வருகிறவன்தான் மேய்ச்சல் நிலத்துக் கேட்டைச் சாத்த வேண்டும், அது உங்களுக்கே தெரியும். ஆக அந்த வேலை அவன் தலையில். சங்கிலியை இரண்டு சுற்று சுற்றித்தான் கொக்கியில் மாட்டுவான்.

"டேய் நொண்டி, மாடு என்ன சங்கிலியையா அவுக்கப் போகுது?" என்பான் டக்.

"உனக்கென்னடா, முன்னாடி ஓடிப்போய் பெரிய காளானையெல்லாம் பொறுக்கிக்கிற. பேச்சு வேற."

நாலு பேரும் காளான் பொறுக்கி வந்த ஒரு ராத்திரி அந்தக் கேட் திறந்து கிடந்தது. மாடுகள் தார் ரோட்டுக்குப் போய்விட்டன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் பெண்ணின் கார்... வேண்டாம். இருபத்து நாலு வயது அவளுக்கு.

போலீஸ்காரன் மற்ற மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டான். "கடைசியா வந்தது யாரு?"

"லிண்ட்சி."

பொய் இல்லை. கடைசியாக வந்தது அவன்தான்.

"ரெண்டு சுத்து சுத்தினேன்யா... நம்புங்கய்யா" என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தான். ரொட்டிக் கடைக்காரிகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே செத்தான். எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அடக்கத்துக்குப் பாதிரியாரும் குழி வெட்டினவனும் மட்டும்.

சிரிக்காதே, ரெஜ்.

அடுத்த ஏப்ரலில் மூன்று பேர் போனார்கள். காளான் பொறுக்கித் திரும்பினால் கேட். நின்றார்கள். கடைசி ஆளாக வர எவனுக்கும் மனமில்லை.

"நீ போ."

"ஏன், பயமா? நீ போயேன்."

கடைசியில் மூன்று கிழங்களும் ஒன்றாக இடித்துக்கொண்டு வெளியே வந்தன. கேட்டை எவனும் சாத்தவில்லை. வெட்கங்கெட்டவன்கள்.

பத்தடி... இருபதடி...

க்ரீ...ச்.

காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை. பிறகு சங்கிலி. கிளிங்... ஒரு சுற்று. கொஞ்சம் நிறுத்தம். கிளிங்... இன்னொரு சுற்று. கொக்கி விழுந்தது.

அப்புறம் தைல வாடை.

யாரும் திரும்பவில்லை. ஈர மண்ணில் நடை கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. தொப்... சர்ர்... தொப்... சர்ர்...

கிளாரி வாளியைப் போட்டுவிட்டு அழுதான். "நீ சாத்தினேடா லிண்ட்சி! வாளிய மறந்துட்டு நான்தான் திரும்பப் போனேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில வாளி... அப்புறமா வந்து மாட்டிக்கலாம்னு..."

நடை நிற்கவில்லை. கிளாரியைத் தாண்டியது. டக்கையும் தாண்டியது. மூன்றாவது ஆளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கழுத்தில் மூச்சு பட்டது. சில்லென்று.

அவனிடம் ஏன் என்கிறீர்களா? கிளாரி மறந்தான். டக்குக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது ஆள் அன்று வீட்டு வாசலில் நின்று, கிளாரி டார்ச்சோடு கேட்டுக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தான். போலீஸ்காரன் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு நான் எந்தக் கேட்டையும் சாத்தினதில்லை. சாத்த வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு இந்த ஓடைக்கரைக்கு வந்தோமே, நாம் ஐந்து பேர்... கடைசியாக வந்தது நான். கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். ரெஜ், உனக்குத்தான் சிரிப்பாக இருக்கிறதே. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், சங்கிலி எத்தனை சுற்று என்று பார்த்துவிட்டு வா.