ஆர்கனால் அந்த மௌனத்தை மூடாதீர்கள்

பட்டாணி மசியலின் மணம் மேடைவரை ஏறிவந்து பேச்சாளனைச் சோதிக்கின்ற இந்தப் பொன்மாலைப் பொழுதிலே, அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாடகர் சங்கத் தலைவர் ஆர்னால்ட் சட்க்ளிஃப் அவர்களே! எங்களுக்குப் பேச்சு வருமுன்னே பாட்டைக் கற்றுத்தந்த எபனேசர் ஜெபாலயத்துப் பெரியோர்களே! எட்டாத சுரத்தையும் எட்டிப் பிடிக்கும் சோப்ரானோ தாய்மார்களே! பாராட்டை அவர்களுக்கு விட்டுப் கீழ்க்குரலில் பாரத்தைத் தாங்கும் ஆல்ட்டோ தாய்மார்களே! பள்ளத்தாக்கு அதிர அடிக்குரலில் பாடும் பாஸ் பெருமக்களே! எண்ணிக்கையில் என்றும் குறைந்தாலும் எக்களிப்பில் குறையாத, ஆண்களில் மேல்குரல் பாடும் என் டெனர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் கறிக்கடை வில்ஃப்ரெட் பூத்ராய்டின் கனிந்த வணக்கம்.

என்ன? சுருக்கமாகப் பேச வேண்டுமா? யாரது பின்வரிசையில்? ஐயா, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பை அவ்வளவு சீக்கிரம் ஆறிப்போகாது. அடுப்பில் வைத்தவனே நான்தான்!

பெரியோர்களே, நம் புதிய இசை நடத்துநர் திரு. ஆல்வின் நல்லவர், வல்லவர். வரும் கிறிஸ்துமஸில் நாம் பாடும், நோவாவின் பேழைக் கதையைச் சேர்ந்திசையாகச் சொல்லும் ஓரடோரியோவைப் பதிவு செய்ய வானொலிக்காரர்கள் வருகிறார்கள். அதனால், கடைசிக் கோரஸின் முடிவுக்குச் சற்று முன்னே வருகிறதே ஒரு மௌனம், அதை ஆர்கன் வாசித்து நிரப்பிவிடலாம் என்கிறார். அந்த மௌனத்தில் யாராவது தவறிப் பாடிவிட்டால் நாடே கேட்குமே என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். ஆனால் சற்றுப் பொறுங்கள். வாக்களிக்கக் கை தூக்குமுன் என் கதையைக் கேளுங்கள்.

அந்தக் கோரஸ் எப்படித் தொடங்குகிறது? எக்காளம் முழங்க, முரசு அதிர, நான்கு குரலும் ஒரே சொல்லை ஒரே மூச்சில் சேர்ந்து சொல்கின்றன. பேழைக்குள் அடைபட்ட மக்கள், கரை தேடப் போன புறாவை அழைக்கிறார்கள். ‘வெள்ளம்’ என்றால் குரல்கள் படிப்படியாக இறங்குகின்றன. ‘திரும்பி வா’ என்றால், ‘தி’ என்கிற அந்த ஓர் எழுத்தையே எத்தனை சுரங்களில் இழுக்கிறோம்! மூச்சு முட்டுகிறது, முகம் சிவக்கிறது, ஆனாலும் அந்தப் பறவைக்குக் கால் வைக்க இடமில்லை. ஏன் இழுத்தான் இதை இயற்றிய அந்த ஆர்கன்காரன், முந்நூறு ஆண்டுக்கு முன்னே? ஏங்குகிறவனுக்கு ஒரு சொல்லைச் சட்டென்று சொல்லி முடிக்க மனம் வருமா?

பிறகு எக்காளம் ஓய்கிறது. முரசு ஓய்கிறது. அடியில் செல்லோவின் தந்தி மட்டும் நடந்துகொண்டிருக்க, பாஸ் தன்னந்தனியாகத் தொடங்குகிறது. அதே மெட்டை ஐந்து சுரம் மேலே தள்ளி டெனர் வாங்குகிறது. பிறகு ஆல்ட்டோ, பாஸ் பாடிய அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே வைத்து. பிறகு சோப்ரானோ. துரத்துகிறோம், தொடர்கிறோம், ஏறுகிறோம், இன்னும் ஏறுகிறோம். உச்சத்தில் எல்லாம் நிற்கிறது!

மௌனம். புறா வரவில்லை.

அதன் பிறகுதான், மெல்ல, மிக மெல்ல, நான்கு குரலும் சேர்ந்து ‘வந்தாள்’ என்று முடிக்கிறோம்.

அந்த மௌனத்தில் தவறிப் பாடி விழுந்தவர் சங்கம் முழுமைக்கும் பை வாங்கித் தரவேண்டும் என்பது நம் வழக்கம். சிரிக்காதீர்கள். அந்த மௌனத்தால் என் கடைக்கு வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை! ஆனால் இன்று நான் பேசுவது பைக்காக அல்ல.

கல்குவாரி எல்லிஸ் கிரீன்வுட்டைத் தெரியாதவர் இங்கே உண்டா? பாஸ் வரிசையின் தூண். தாளக்கணக்கில் ஒருநாளும் பிசகாதவர். ஆலையில் தறி ஓட்டிய ஹெஸ்டர் லம், ஆல்ட்டோ வரிசையில் முதல் ஆள். இருவரும் இளமையில் உயிருக்கு உயிராக இருந்தார்கள். ஒருநாள் ஒத்திகை முடிந்து, இதே வாசலில், ஊர் காதில் விழப் பேசிக்கொண்டார்கள்.

“ஈஸ்டருக்குள்ள கல்யாணத்த முடிச்சுருவோம் ஹெஸ்டர்.”

“அப்பா படுக்கையில கெடக்காரு. கொஞ்சம் பொறு.”

“பொறுன்னா வேணாம்னுதானே அர்த்தம்?”

“அப்படின்னே வச்சுக்கயேன்!”

அவ்வளவுதான். அப்பா போய்ச் சேர்ந்தார். ஆண்டுகள் போயின. அவர் முதலில் பேசட்டும் என்று இவர் இருந்தார், இவர் முதலில் பேசட்டும் என்று அவர் இருந்தார். சந்தையில் எதிர்ப்பட்டால் ஒருவர் தெருவைக் கடந்துவிடுவார். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் மட்டும் என்ன நடக்கும்? எல்லிஸ் தொடங்குவார், ஹெஸ்டர் பதில் பாடுவார். ‘திரும்பி வா’ என்பார் அவர். ‘திரும்பி வா’ என்பார் இவர். இருவருமே தாளைப் பார்த்துப் பாடுவார்கள். எங்களுக்கு வயிறு எரியும்!

ஓர் ஆண்டு, விட்பியில் தங்கும் விடுதி நடத்திய தங்கை அழைத்தாள் என்று, கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரைவிட்டே போக ஹெஸ்டர் மூட்டை கட்டிவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் கச்சேரியில் கடைசிக் கோரஸ் ஏறியது, உச்சம் தொட்டது, நின்றது. அன்றைய நடத்துநர் அமோஸ் கிராப்ட்ரீயின் கோல் அந்தரத்தில் நிற்கிறது. ஜெபாலயத்தில் இருமல்கூட இல்லை.

அப்போது, அந்த மௌனத்தின் நட்டநடுவே, எல்லிஸ் கிரீன்வுட் பாடினார்! தன்னந்தனியாக, அந்த மெட்டின் முதல் அடியை! “ஐயோ, தெய்வமே!” என்றாள் ஒரு சோப்ரானோ. முறைப்படி அடுத்து நுழைய வேண்டியவர்கள் யார்? நாங்கள், டெனர்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறோம். பதில் ஆல்ட்டோ வரிசையிலிருந்து வந்தது. ஹெஸ்டர் பாடினார். குரல் நடுங்கியது, சுரம் நடுங்கவில்லை. அமோஸ் கோலை இறக்க, நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டே ‘வந்தாள்’ என்று முடித்தோம்.

தேநீர் அறையில் அமோஸ் பிடித்துக்கொண்டார். “ஏன்யா எல்லிஸ், இத்தன வருசமா பாடுற, எண்ணத் தெரியாமப் போச்சா?”

“எண்ணி எண்ணித்தான்யா அலுத்துப் போச்சு.”

“விழுந்தது ரெண்டு பேரு. பை யாரு வாங்குறது?”

“எம் பங்கை நானே குடுத்துருவேன்,” என்றார் ஹெஸ்டர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எல்லிஸ் என்னைப் பார்த்தார். “வில்ஃப்ரெட்டு, பங்கெல்லாம் பிரிக்காத. ஒரே வீட்டு ஆளுங்கதான். அப்படித்தானே ஹெஸ்டர்?”

“கேக்கவே இவ்வளவு நாளாச்சா மனுசனுக்கு?” என்றார் அவர். விட்பிக்கு மூட்டை போகவில்லை.

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அந்த மௌனம் வரும்போது, பாஸ் வரிசையிலிருந்து அவர் இவரைப் பார்ப்பார், இவர் அவரைப் பார்ப்பார். நாங்கள் கூரையைப் பார்ப்போம். இந்த வசந்தத்தில் எல்லிஸ் நம்மைவிட்டுப் போனார். அவருக்கு மண் போட்டவர்கள்தான் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆர்கனால் அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தோம் அல்லவா? ஹெஸ்டர் அம்மா எழுந்து வெளியே போனார். பின்னால் ஓடிப்போய் என்னம்மா என்றேன். “அந்த எடத்துலதான் வில்ஃப்ரெட்டு நான் அவரப் பாப்பேன். இப்ப அங்க ஆளு இல்ல. அதுக்காக எடமும் இல்லாமப் போயிடணுமா?” என்றார்.

தாய்மார்களே, பெரியோர்களே, நான் கேட்கிறேன்! காத்திருக்க இடமில்லாத பாட்டில் ‘வந்தாள்’ என்ற சொல்லுக்கு வேலை என்ன? தவறி விழுவோம் என்று பயந்தா மௌனத்தை மூடுவது? விழுந்தால் என்ன? வானொலி கேட்டால் என்ன? அழைத்துவிட்டு, மூச்சடக்கி, வருமா வராதா என்று நிற்பதல்லவா அந்தக் கோரஸ்! எனக்கும் எல்லிஸ் வேண்டும். அவர் வரமாட்டார் என்று தெரிந்தும், அந்த இடத்தில் நின்று காத்திருக்க ஆசையாக இருக்கிறது. தலைவர் அவர்களே, வாக்கெடுப்புக்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த மௌனத்தின் நீளத்துக்கு இந்த அவை இப்போது பேசாமல் இருக்கட்டும். கரண்டியைக் கீழே வையுங்கள். இதோ…

…

ஹெஸ்டர் அம்மா!

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? ஆல்ட்டோவின் இடத்தில் அல்ல, ஆரம்பத்தில்! எல்லிஸ் தொடங்குகிற அந்த அடியைத் தனியாகத் தொடங்கிவிட்டாரே! வாழ்நாளெல்லாம் பதில் மட்டும் பாடிய குரல் முதல் குரலாகிவிட்டதே! திரு. ஆல்வின், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. மௌனத்தில் விழுந்ததற்கு உரிய பை இன்று என் செலவு.

அம்மா, நிறுத்தாதீர்கள், பாடுங்கள். இதுவரை பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். என் பேச்சு முடிந்தது, ஏனென்றால் பாஸுக்கு அடுத்தது யார் முறை? டெனர்களே, எழுந்திருங்கள்! இந்த முறையாவது நுழைவோம்!