ஆடி மாசத்துக் கல்யாணம்

சாந்தினி: ...பேச்சை மாத்தாத அண்ணே. உன் நோட்டுல ஒரு தொகை இருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்டுல வேற தொகை இருக்கு. நாப்பத்தி மூணு வெள்ளி வித்தியாசம். எங்கிருந்து வந்துச்சு?

லோகா: கூடத்தானே இருக்கு? கொறஞ்சா கேளு. கூட இருந்தா கும்பிட்டுட்டுப் போயேன்லா.

சாந்தினி: நான் சிரிக்கிற மூட்ல இல்ல. திங்கக்கிழமை ரெண்டாவது லோரிக்கு லோன் பேப்பர் போகணும். நோட்டும் பேங்க்கும் ஒரு காசு விடாம ஒத்துப்போகணும். கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடற இது நம்ம ரெண்டு பேரு கூட்டு வியாபாரம். உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் வேணும்.

லோகா: போடேன். பேனா தரட்டுமா?

சாந்தினி: பொய்க் கணக்குல நான் போட மாட்டேன். இன்னிக்கு இது சேரலைன்னா லோனும் வேணாம், கூட்டும் வேணாம். கூடாரத்துல பாதி, நாற்காலியில பாதி, பிரிச்சுக் குடு. நான் போறேன்.

லோகா: அலமாக்! கூடாரத்தைப் பாதியா கிழிச்சா ரெண்டு பேரும்ல நனையணும்... ஏ கஸ்தூரி! ஒரு கோப்பி கொண்டா. தங்கச்சி வந்ததுல இருந்து கொதிக்கிறா.

கஸ்தூரி: சீனி போட்டா, போடாமலா?

சாந்தினி: உங்க புருஷனுக்கு வெஷம் இருந்தா அதையும் போட்டுக் கொண்டாங்க அண்ணி.

கஸ்தூரி: அவருக்கெல்லாம் அது ஏறாது, சாந்தினி. கல்யாண வீட்டுச் சாம்பாரையே ராத்திரி வரைக்கும் வச்சுச் சாப்பிடற ஒடம்பு.

லோகா: ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களா? நல்லா இருங்க.

சாந்தினி: அடுத்தது. ஆயர் ஈத்தாம் ஊர்ல பூச்சட்டி வாங்கினோம்ல, அவருக்கு செக் குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் பேங்க்ல போடல. ஏன்?

லோகா: அவரு நல்ல நாள் பாக்கிறாரு. செக்கு பத்திரமா சாமிப் படத்துக்கு அடியில இருக்கு.

சாந்தினி: கடவுளே... ஆறு மாசம் ஆனா அந்த செக்கு செல்லாது. அப்புறம் சாமிதான் காசு குடுக்கணும். போன் பண்ணி போடச் சொல்லு.

லோகா: சரிங்க கிராணி. தோட்டத்துல ஆள் பேர் போடற கிராணி கூட இப்படி வெரட்ட மாட்டான். செனாய் தொழிற்சாலையில உங்கிட்ட வேலை பாக்கிறதுங்க எல்லாம் எந்த ஜென்மத்துல பாவம் பண்ணுச்சோ.

சாந்தினி: நாப்பத்தி மூணு வெள்ளி, அண்ணே.

லோகா: விட மாட்டியா... சரி, கேட்டுக்கோ. கல்யாண வீட்டுக்காரன் எவனாவது மொட்டையா ஆயிரத்து ஐந்நூறு குடுப்பானா? ஒரு வெள்ளி சேர்த்து ஆயிரத்து ஐந்நூத்தி ஒண்ணுதான் அனுப்புவான். நான் பில்லுல உள்ளதை மட்டும் எழுதுவேன்.

சாந்தினி: அந்த ஒண்ணை ஏன் எழுதல?

லோகா: அது வாடகை இல்லம்மா. நல்ல காரியத்துக்கு மொட்டைத் தொகை ஆகாதுன்னு மனசாரப் போடறது. அதைப் போய் வரவுன்னு எழுதி, அதுக்கு வரியும் கட்டவா?

சாந்தினி: ஆமா! வரி கட்டத்தான்! பேங்க்காரனுக்கு மொய்யும் தெரியாது, மொட்டையும் தெரியாது. உள்ள வந்த காசை எழுதித்தான் ஆகணும்.

லோகா: எழுதிக்கோ. நாப்பத்தி மூணு கல்யாணம், நாப்பத்தி மூணு வெள்ளி. கணக்கு சேந்துடுச்சா? கோப்பியக் குடி.

சாந்தினி: சேரல.

லோகா: இன்னும் என்ன?

சாந்தினி: உன் நோட்டுல கல்யாணம் நாப்பத்தி நாலு. ஒரு கல்யாணம் மொட்டையா குடுத்திருக்கு. லாபிஸ் ஊரு. ரெண்டு கூடாரம், நூறு நாற்காலி. ஆயிரத்து எண்ணூறு.

லோகா: ...மறந்திருப்பான்.

சாந்தினி: எவனும் மொட்டையா குடுக்க மாட்டான்னு இப்பத்தான சொன்ன?

லோகா: கஞ்சனுக்கும் கல்யாணம் நடக்கும்லா.

சாந்தினி: தேதியப் பாரு. ஆடி மாசம். அதுவும் செவ்வாய்க்கிழமை. எந்தத் தமிழன் ஆடி செவ்வாயில தாலி கட்டுறான்?

லோகா: அது வந்து... சீனன் கல்யாணம்.

சாந்தினி: பேரு விஜயன்னு எழுதியிருக்க.

லோகா: சீனனோட டிரைவரு. அவன் பேர்லதான் பில்லு...

சாந்தினி: அண்ணே!

லோகா: கத்தாத. வெளிய நாற்காலி கழுவுற பசங்க காதுல விழும்.

சாந்தினி: விழட்டும். எல்லாருக்கும் தெரியட்டும். காசை எப்படிக் குடுத்தாங்க?

லோகா: கையில.

சாந்தினி: லாபிஸ்லயா?

லோகா: ஆமாங்கிறேன்ல.

சாந்தினி: அப்ப ஏன் மூணு வாரம் கழிச்சு இங்க செனாய் பேங்க் மெஷின்ல போட்டதா இருக்கு?

லோகா: லோரி டேஷ்போர்டுல கெடந்துச்சு. மறந்துட்டேன்.

சாந்தினி: ஆயிரத்து எண்ணூறு வெள்ளிய மூணு வாரமா மறந்துட்ட! அம்பது காசு பார்க்கிங்குக்கு அரைமணி சண்டை போடற ஆளு நீ!

லோகா: அது வேற.

சாந்தினி: யாரு குடுத்தா? அந்தப் பொண்ணு கையில இருந்து வாங்கினியா?

லோகா: எந்தப் பொண்ணு? நான் பொண்ணுன்னு சொல்லவே இல்லையே.

சாந்தினி: ...கல்யாணம்னா பொண்ணு இருக்கும்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லு. வாங்கினியா இல்லையா?

லோகா: இல்ல.

சாந்தினி: இல்லைன்னா இந்தக் காசு ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? நீ யாரு வயித்துல அடிச்ச?

லோகா: சாந்தினி, வார்த்தைய அளந்து பேசு. நான் இதுவரைக்கும் எவன் வயித்துலயும் அடிச்சதில்ல.

சாந்தினி: அளக்க மாட்டேன். இப்பவே பிரிச்சுக்கலாம். எழுது.

கஸ்தூரி: ஏங்க, சொல்லித் தொலைங்களேன். கூட்டே முறியுதுங்கிறா...

லோகா: நீ உள்ள போ.

கஸ்தூரி: போக மாட்டேன். என் சங்கிலி அடகுக் கடையில கெடக்கு. எனக்கும் பேச்சு இருக்கு.

சாந்தினி: சங்கிலியா? எதுக்கு?

லோகா: வாய வச்சிக்கிட்டு சும்மா இருன்னு எத்தனை தடவ...

கஸ்தூரி: அந்த ஆயிரத்து எண்ணூறே என் சங்கிலிதான், சாந்தினி. லாபிஸ்ல யாரும் ஒரு காசு குடுக்கல. இவரும் கேக்கல.

சாந்தினி: ...யாரும் குடுக்கலையா? நெஜமாவா?

கஸ்தூரி: என் மக மேல சத்தியமா.

லோகா: போதுமா? இப்ப சந்தோஷமா ரெண்டு பேருக்கும்?

சாந்தினி: எனக்கு ஒண்ணும் புரியல. அது கல்யாணம் இல்லைன்னு சொல்லு முதல்ல. உன் வாயால சொல்லு.

லோகா: கல்யாணம் இல்ல.

சாந்தினி: பின்ன?

லோகா: சாவு.

சாந்தினி: யாரு?

லோகா: விடும்மா...

சாந்தினி: யாரு அண்ணே?

லோகா: ...அப்பா.

கஸ்தூரி: தண்ணி குடி சாந்தினி. இந்தா.

சாந்தினி: வேணாம்.

லோகா: காலையில எழுந்து மொகம் கழுவியிருக்காரு. நெஞ்ச பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாராம். அவரு கூட இருந்த அந்தம்மாவோட பொண்ணு லோஷினி இருக்கால்ல, அதுதான் போன் பண்ணுச்சு. அழக்கூட தெம்பு இல்ல அதுக்கு.

சாந்தினி: நாலு மாசம். நாலு மாசமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க. தீபாவளிக்கு என் வீட்டுக்கு முறுக்கு கொண்டாந்த. ஒரு வார்த்தை சொல்லல.

லோகா: எப்படிச் சொல்லச் சொல்ற? அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்கு என்ன சொன்ன? 'அந்த ஆளு செத்தாலும் எங்கிட்ட வந்து சொல்லாத. சொன்னா நீயும் எனக்கு அண்ணன் இல்ல.' சொன்னியா இல்லையா?

சாந்தினி: சொன்னேன்! வேற என்ன சொல்லணும்? நம்மள விட்டுட்டு இன்னொரு பொம்பளையோட லாபிஸ்ல குடித்தனம் நடத்தின மனுஷன். அம்மா ஒடம்புக்கு முடியாமக் கெடந்தப்போ ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தாரா? மாலை போட்டு வரவேக்கணுமா?

லோகா: உன்னைத் தப்பு சொல்லல. எனக்கும் அந்தக் கோவம் இருந்துச்சு. ஆனா பொணமா கெடக்கிற ஆளுகிட்ட போய் என்ன சண்டை போட முடியும்? போனேன். கொள்ளி வச்சேன். வந்தேன்.

சாந்தினி: வந்து நோட்டுல கல்யாணம்னு எழுதின. அப்பா சாவை கல்யாணம்னு எழுத எப்படிய்யா கை வந்துச்சு உனக்கு?

லோகா: நோட்டைப் பாக்கப்போறது நீ. லாபிஸ், சாவுன்னு எழுதினா அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிருவ. கல்யாணம்னு எழுதி, விஜயன்னு வாயில வந்த ஒரு பேரையும் போட்டேன். ஆடி மாசம்னு அப்ப தோணல. அப்பனைப் பறிகொடுத்தவனுக்கு பஞ்சாங்கமா ஞாபகம் வரும்?

சாந்தினி: சரி, எழுதின. சங்கிலிய எதுக்கு அடகு வச்ச? நம்ம கூடாரம், நம்ம நாற்காலி. பெத்த அப்பனுக்குப் போட யாருக்கு வாடகை கட்டின?

லோகா: உனக்கு.

சாந்தினி: என்ன?

லோகா: பாதி உன்னுது. நீ வேணாம்னு ஒதுக்குன மனுஷனுக்கு உன்னைக் கேக்காம உன் கூடாரத்தைக் கொண்டு போய் விரிச்சேன். அது திருட்டுதானே? அதான் ஊர்ல எல்லாருக்கும் போடற வெலைய முழுசா கட்டிட்டேன். அவருக்காக உன் காசு ஒண்ணும் போகல. நீ சுத்தம்.

சாந்தினி: யாரு உன்னைக் கட்டச் சொன்னா?

கஸ்தூரி: உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் சாந்தினி...

சாந்தினி: அண்ணி, நடுவுல வராதீங்க! யாரு கேட்டா இவருகிட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எனக்கு நியாயம் பண்ண இவரு யாரு?

லோகா: நல்லாருக்கு கதை! கட்டாம இருந்தா திருடன். கட்டினா நீ யாரு. போம்மா... கணக்கு சேந்துடுச்சுல்ல? கையெழுத்துப் போடு. இல்லைன்னா பிரிச்சுக்கிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன்.

சாந்தினி: ஸ்டேட்மெண்ட் கைக்கு வந்த நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஆயிரத்து எண்ணூறைப் பாத்துட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பா பொணம் கெடக்கிற வீட்டுல போய், அந்தப் புள்ளகிட்ட கை நீட்டி வாடகை வாங்கிட்டியேன்னு... உன்னை அறையணும்னுதான் இன்னிக்கு வந்தேன்.

லோகா: இரு இரு... அது அப்பா வீடுன்னு நான் இப்பத்தான சொன்னேன். ஸ்டேட்மெண்ட் வந்தப்போ உனக்கு எப்படித் தெரியும்?

கஸ்தூரி: நான் சொல்லலைங்க. சத்தியமா சொல்லல.

லோகா: சாந்தினி... என்னைப் பாரு. எப்படித் தெரியும்?

சாந்தினி: லோஷினி முதல்ல போன் பண்ணது எனக்குத்தான், அண்ணே. 'லோகா அண்ணனைக் கூப்பிடு, எங்க கூடாரத்தைக் கொண்டாந்து போடுவாரு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத'ன்னு அவகிட்ட சொன்னேன். அவரு மொகத்தைப் பாக்க எனக்கு மனசு வரல... என் பாதியாவது அவரு தலைக்கு மேல நிக்கட்டும்னு நெனச்சேன். அதையும் நீ காசு கட்டி வாங்கிட்ட.