விட்டுப்போனது நாற்பத்தொன்று

ஹலோ... ஹலோ, அண்ணே? கேக்குதா?... நான்தாண்ணே, ஆபீஸ்லேருந்து. டெஸ்டிங் ரூம்... ஆமா, ஆமா, நானேதான். நீங்க இன்னும் ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க?... அப்பாடா. எங்க, கீழயா?... ஸ்டோர்ல. பேட்டரி மாத்திக்கிட்டு. சரி, அதைப் போட்டது போட்டபடி விட்டுட்டு மேல போங்க... இல்லண்ணே, டீ குடிக்கல்லாம் நேரமில்ல. உங்க வாட்ச்ல மணி என்ன?... மூணு நாப்பத்தாறு. எனக்கும் அதான் காட்டுது. சாயங்காலம் நாலு மணியாக இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு.

...மேலன்னா ரெண்டாவது மாடி. ஐசியூ. போன மாசம் நாம பாத்துத் திருப்பி அனுப்பினோமே, ஊசிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற பம்ப்பு, ஏழாம் நம்பர்... அதேதான். "மணி சரியா பத்து, பதினொண்ணுன்னு அடிச்சா மெஷின் நிக்குது"ன்னு ஒரு சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தாங்கல்ல. நான் மூணு நாள் பாத்துட்டு, ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்ல... ஆமா... ஆமாண்ணே. குறை இருக்கு. நான் எழுதினதுதான் தப்பு.

...சிரிக்காதீங்கண்ணே. நடந்துக்கிட்டே கேளுங்க. லிஃப்ட் வேணாம், அது வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். படியில ஏறுங்க... முட்டி வலியா? நாளைக்கு நானே தைலம் வாங்கித் தர்றேன். இப்ப ஏறுங்க.

...சொல்றேன், சொல்றேன். உங்களுக்கு வயரும் பேட்டரியும் தெரியும். எனக்கு உள்ள ஓடுற சிஸ்டம். அதோட அடியில கெர்னல்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல மோட்டாரைத் தொடணும்னாலும் தகவல் அனுப்பணும்னாலும் எவனா இருந்தாலும் ஒரே ஒரு ஃபங்ஷன், ஒரு வாசல்னு வச்சுக்கோங்க, அது வழியாத்தான் உள்ள போய் வெளிய வரணும். அந்த வாசல்ல நான் ஒரு காவக்காரனை நிறுத்தினேன். ப்ரோப்புன்னு சொல்லுவோம். உள்ள போறவனுக்கு ஒரு சீட்டு கொடுப்பான். அவன் வெளிய வரும்போது சீட்டை வாங்கிக்கிட்டு, எவ்வளவு நேரம் உள்ள இருந்தான்னு நோட்டுல எழுதுவான்... ம்... ம், அவ்வளவுதான். ஆனா அவன் கையில எத்தனை சீட்டு இருந்துச்சு? அங்கதான் நான் கோட்டை விட்டுட்டேன். பத்து. பத்தே பத்து. பதினோராவது ஆள் வந்தா தடுக்க மாட்டான், சீட்டும் கொடுக்க மாட்டான், நோட்டுலயும் எழுத மாட்டான். பேசாம உள்ள விட்டுடுவான்.

...டெஸ்ட் பண்ணாமலா? பண்ணினேன். என் மேஜையில இருக்கிற பெரிய மெஷின்ல ஓட்டிப் பாத்தேன். அது தானாவே முப்பத்திரண்டு சீட்டு கொடுக்கும். ஒண்ணுகூட விட்டுப்போகல. காவக்காரனுக்கு எழுதின அதே ஸ்கிரிப்டை அப்படியே தூக்கி பம்ப்புக்குள்ள இருக்கிற அந்தக் குட்டி மெஷின்ல போட்டுட்டேன். எத்தனை சீட்டு வேணும்னு நாம சொல்லணும், நான் சொல்லல. சொல்லாட்டி அது பத்துதான் கொடுக்கும்... தெரியும்ணே. எட்டு வருஷமா இதே வேலையைத்தான் செய்யிறேன், தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் விட்டேன்.

எந்த மாடியில இருக்கீங்க?... இன்னும் முதல் மாடிதானா? அண்ணே!

...யாரு அந்தப் பத்துப் பேரா? மணிக்கு ஒரு தடவை பெரிய கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புற வேலைக்காரனுங்க. மணியடிச்சதும் பத்துப் பேரும் உள்ள போய்க் குந்திக்கிறானுங்க. அவனுங்க லேட்டா வர்றது வழக்கம்தான், அதனால நான் கண்டுக்கல. அவனுங்க பின்னாடி மோட்டார்காரன் வர்றான், பட்டன்காரன் வர்றான், அலாரம்காரனும் வர்றான். சீட்டு தீந்து போச்சு. இவனுங்க உள்ள போய் மாட்டிக்கிட்டது நோட்டுலயே இல்ல... விட்டுப்போனது எத்தனைன்னு அது எண்ணி வைக்கும்ணே, வேற ஒரு ஃபைல்ல. அதை நான் திறந்தே பாக்கல. நோட்டை மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். இன்னிக்கு வேற ஒரு மெஷினைப் பாக்கும்போது அந்த ஃபைல் தற்செயலா கண்ணுல பட்டுச்சு. உடனே போன மாசத்து ஃபோல்டரைத் தேடி எடுத்துப் பாத்தா... நாப்பத்தொண்ணு.

...ஆமாண்ணே. அந்தப் பத்துப் பேரு வெளிய வர்ற வரைக்கும் மோட்டார் நிக்கும், அலாரம்கூட அடிக்காது. திரையில நம்பர் நல்லபடியாத்தான் தெரியும். மருந்து மட்டும் போகாது.

வந்துட்டீங்களா?... என்ன, மாஸ்க்கா? போட்டுக்கோங்க, சீக்கிரம். கையும் கழுவணுமா? கழுவுங்க, கழுவுங்க... மணி?... அம்பத்திரண்டு. ஏழாம் நம்பர் எங்க நிக்குது, பாருங்க. ஓடுதா சும்மா இருக்கா?... நாலாம் படுக்கையில. ஓடுது... என்ன மருந்துன்னு எழுதியிருக்கு?... கடவுளே. அது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்துண்ணே. அரை நிமிஷம் நின்னாலும் இறங்கிடும்...

ஐயோ, வேணாம்! பெரிய கம்ப்யூட்டருக்குப் போற நீல வயரைப் பிடுங்காதீங்க! கையை எடுங்க அதுலேருந்து!... எடுத்துட்டீங்களா?... பிடுங்கினா இன்னும் மோசம்ணே. பதில் வரலையே வரலையேன்னு அவனுங்க உள்ளயே உக்காந்திருப்பானுங்க. ஆஃப் பண்ணவும் கூடாது. எந்தப் பட்டனையும் தொடாதீங்க. வேற பம்ப்பு கொண்டாந்து மாத்தணும், அதையும் சிஸ்டர்தான் செய்யணும். யாரு இருக்கா அங்க? கூப்பிடுங்க... இதையே சொல்லுங்க, "நாலு மணிக்கு இது நின்னுடும், இப்பவே மாத்துங்க"ன்னு. எம்பேரைச் சொல்லுங்க. இல்ல, பேரு வேணாம், ரிப்போர்ட் எழுதின பொண்ணு சொல்லுதுன்னு சொல்லுங்க...

...

அண்ணே?... அண்ணே, என்ன நடக்குது? சிஸ்டர் என்ன பண்றாங்க?... என்ன?... பக்கத்துலயே வச்சிருக்காங்களா?... பழைய பம்ப்பு. சார்ஜ் போட்டு, மருந்து நிரப்பி?... எதுக்கு?... தினமுமா? அவங்க டியூட்டின்னா தினமுமா வச்சிருக்காங்க?...

அப்ப அந்த சிஸ்டர்தானா இவங்க. எழுதிக் கொடுத்தவங்க.

...சரி. சரி, மாத்தட்டும். இடையில பேசாதீங்க அவங்ககிட்ட... மாத்தியாச்சா? மானிட்டர்ல அழுத்தம் எவ்வளவு?... இறங்கலையே?... இறங்கல. ஸ்ஸ்... இருங்கண்ணே, ஒரு நிமிஷம். மூச்சு விட்டுக்கிறேன்.

...ம். மணி?... அம்பத்தெட்டு. அண்ணே, அந்த ஏழாம் நம்பரை நிறுத்தாம மேஜை மேல வைங்க. வெறும் தண்ணி ஊசி போட்டு, முனையை ஒரு கிண்ணத்துல விட்டு, வேகமா ஓடட்டும். சொட்டு விழுறதைப் பாருங்க... விழுதா?... டக் டக்னு. நல்லது. அப்படியே பாத்துக்கிட்டிருங்க...

...தெரியும்ணே, நிக்காமலும் போகலாம். நிக்கலைன்னா நான் பைத்தியக்காரின்னு ஊரெல்லாம் சொல்லுங்க, சந்தோஷமாக் கேட்டுக்கிறேன்... மணியாச்சா?... ம்...

நின்னுடுச்சா?... எண்ணுங்க. வாய் விட்டு எண்ணுங்கண்ணே... ம்... ம்... பதினொண்ணு... திரையில?... ஓடுதுன்னே காட்டுதா... இருபது... இருபத்தாறு... முப்பத்தொண்ணு. விழுந்துச்சா?... முப்பத்தொரு செகண்டு.

...அழலண்ணே. அழல... ஆமா, அழறேன். என்ன இப்ப?

...ம்... என்னது?... யாருக்கும் ஒண்ணும் ஆகல, அதனால? ரிப்போர்ட்டைச் சத்தமில்லாம மாத்திடலாமா? என்மேல இருக்கிற பாசத்துலதான் சொல்றீங்கன்னு தெரியும். ஆனா இன்னொரு தடவை சொல்லாதீங்க. ஃபோனை சிஸ்டர்கிட்ட கொடுங்க... கொடுங்கண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு, கொடுங்க.

...

வணக்கம் சிஸ்டர். நான்... அந்த மெஷின்ல குறை இல்லைன்னு எழுதினது நான்தான் சிஸ்டர். நீங்க சொன்னதுதான் நிஜம். மணியடிச்சா அது நிக்குது. நான் வச்ச ப்ரோப்பு விட்டுடுச்சு, நானும் பாக்காம விட்டுட்டேன்... ஆமா... ஆமா சிஸ்டர்... எத்தனை தடவை நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. நாப்பத்தொண்ணு விட்டுப்போயிருக்கு, அதுல எத்தனை...

நீங்க எழுதி வச்சிருக்கீங்களா?... தேதியோடவா? நேரமும்?... ஒம்பது தடவை. இருங்க, பேனா எடுத்துக்கிறேன். சொல்லுங்க... ம்... ம்... இதெல்லாம் போன மாசம், என் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி. அப்புறம்?... இந்த மாசம் பதினெட்டு. காலையில பதினோரு மணி... நாப்பது செகண்டா? அப்ப மெஷின்ல யாரு இருந்தா?... இதே அம்மாவா? இப்ப நாலாம் படுக்கையில இருக்கிறவங்களா?... அழுத்தம் இறங்கி... ஐயையோ... நீங்க என்ன பண்ணினீங்க?

...ஊசியைக் கழட்டி, கையாலயே தள்ளுனீங்களா? மெஷின் திரும்ப ஓடுற வரைக்குமா?...

அதுக்கா? அதுக்கா சிஸ்டர் மெமோ கொடுத்தாங்க?... "நல்லா இருக்கிற மெஷினை அனுமதியில்லாமக் கழட்டினதுக்கு"...

...இல்ல, இல்ல சிஸ்டர், அந்த மெமோவைக் கிழிக்காதீங்க! அதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. பத்திரமா வைங்க. அதுல என் ரிப்போர்ட் நம்பர் போட்டிருக்கும் பாருங்க... போட்டிருக்கா? அதான் வேணும். அதைக் கொடுத்தவங்க ரூமுக்கு நான் வர்றேன், இப்பவே கிளம்புறேன், நீங்களும் கூட... ஹலோ?... பெல்லா? எந்தப் படுக்கை?... போங்க, போங்க சிஸ்டர், நீங்க போய்ப் பாருங்க, நான்...

ஹலோ?