கையெடுத்தா நிக்கணும்

இல்லண்ணே, கழட்ட மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். ஸ்ப்ரிங் போச்சுன்னா இது வெறும் விளையாட்டுச் சாமான். வேற யார்கிட்டயாவது கொண்டுபோங்க, கண்ண மூடிக்கிட்டுப் பிடுங்கிப் போட்டுடுவான்.

கை வலிக்குதா? வலிக்கட்டும். ஆள் இருந்தாத்தானே கை வலிக்கும்? அட, உக்காருங்க, கோவிச்சுக்கிட்டு எங்க எந்திரிக்கிறீங்க? கொண்டாங்க, படகு ஓட்டுற அந்தப் பெட்டிய. இந்த லீவரை முன்னாடி தள்ளினா எஞ்சின் வேகம் எடுக்கும். கையெடுத்தா ஸ்ப்ரிங் அதைப் பின்னாடி இழுத்துடும், எஞ்சின் அடங்கிடும். நீங்க தண்ணியில விழுந்தா படகு உங்கள விட்டுட்டுப் போகக்கூடாது, அதுக்குத்தான். ஆமா, இதென்ன லீவர்ல கயிறு உரசின தடம்? கட்டியே பாத்தாச்சா? ரொம்ப நல்லா இருக்கு!

இதை முதல்ல செஞ்சது எங்கண்ணனுக்கு. கூடப் பிறந்தவன். தோள்பட்டை போச்சு அவனுக்கு. பின்னாடி உக்காந்து எஞ்சின் கைப்பிடிய இழுத்துப் பிடிக்க முடியல. படகை வித்துட்டு ஐஸ் கம்பெனியில வேலைக்குப் போன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் பெரிய இவன் மாதிரி, நீ கடலுக்குப் போ, நான் செஞ்சு தர்றேன்னேன்.

பழைய கார் வைப்பர் மோட்டார் ரெண்டு. ஒண்ணு எஞ்சினைத் திருப்பும், இன்னொண்ணு ஆக்ஸிலேட்டர் கம்பிய இழுக்கும். தண்ணி போகாம இருக்க சமையல்கட்டுலேருந்து பெரிய டப்பா ஒண்ணத் தூக்கிட்டேன். அதுக்கு என் வீட்டுக்காரி பேசின பேச்சு இருக்கே, அப்பப்பா! முதல் நாள் ஒத்தை விரலால படகைத் திருப்பிட்டு எங்கண்ணன் என்னமா சிரிச்சான் தெரியுமா.

இடுப்புல மாட்டுற கயிறும் குடுத்தேன், ஆள் விழுந்தா சாவியப் பிடுங்கி எஞ்சினை நிறுத்திடும். வலையில மாட்டுதுன்னு தூக்கிக் கடாசிட்டான். சரி, இவன் திருந்த மாட்டான்னுதான் ஸ்ப்ரிங்கை வச்சேன். அதுக்கும் புலம்பல். மீன் கிடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மணிக்கட்டு செத்துப்போகுதுடான்னான். லேசான ஸ்ப்ரிங் வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் பொறுன்னேன். எங்க பொறுத்தான்? படகுக்காரங்க உங்களுக்கு எது ஆடினாலும் கட்டணும். பலகை ஆடினா கட்டு, டின் உருண்டா கட்டு. கையில முடிச்சு போடற பழக்கம், மூளைக்கு வேலையே இல்ல.

படகு மட்டும் வந்துச்சு. நேரா வந்து மணல்ல ஏறி, எஞ்சின் மட்டும் கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. நான்தான் முதல்ல ஓடினேன். அவன் கிடைச்சது மறுநாள்.

எல்லாரும் என்ன சொல்வாங்க, மெஷின் மக்கர் பண்ணி ஆளைக் கொன்னுடுச்சுன்னாங்க. அண்ணி என் சட்டையப் பிடிச்சு உலுக்கினாங்க, உன் பொம்மைக்கு என் புருஷன்தான் கிடைச்சானான்னு. இப்பவும் என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடறாங்க. நான் வாயத் திறக்கல. ஏன்னு கேக்கறீங்களா? விடுங்க. நீங்க வெளியூர்க்காரர், அதான் இவ்வளவு பேசிட்டேன்.

இந்தாங்க, லேசான ஸ்ப்ரிங்கா மாட்டிட்டேன். அவனுக்குன்னு வாங்கினது, சும்மா கிடந்துச்சு. இனிமே கை வலிக்குதுன்னு வந்து நிக்காதீங்க. ஒயர் தொங்குது பாருங்க, டிராயர்ல டேப் இருக்கும், எடுங்க.

அண்ணே, அது வேண்டாம். அந்தப் பச்சை ரப்பரை வச்சிடுங்க. ஆமா, பொம்பளைங்க தலைக்குப் போடறதுதான். அண்ணியோடது. முடி ஒண்ணு சிக்கிக்கிட்டு இருக்கு, பாத்து. லீவரைத் தள்ளி வச்சு எங்கண்ணன் அதைத்தான் மாட்டியிருந்தான். ஆளுங்க வர்றதுக்குள்ள உருவிப் பையில போட்டுக்கிட்டேன். உருவினதும் எஞ்சின் அடங்கிடுச்சுண்ணே. ஸ்ப்ரிங் நல்லாத்தான் வேலை செஞ்சுது. அண்ணியாத்தான் கழட்டிக் குடுத்தாங்களோ, இவனே எடுத்துட்டுப் போனானோ, தெரியல. கேக்கவும் மாட்டேன். அவங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும், என்னையே திட்டிட்டுப் போகட்டும். டேப் கீழ் டிராயர்ல இருக்கு, அதை எடுங்க.